கல்லூரி எந்த மாநிலத்தில்? சாதிச் சான்று செல்லும் இடம் பாருங்கள்

பிளஸ் 2 முடிவு வந்ததும் காலடிப்பேட்டை வீடுகளில் ஒரு பேச்சு எழும்: படிப்பு சென்னையிலா, வெளி மாநிலத்திலா? கட்டணம், மொழி, விடுதியோடு, நம் சாதிச் சான்று அங்கே செல்லுமா என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடம் உண்டு. வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலும் இதே கணக்குதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் தமிழ்நாட்டில்தான். ஆந்திராவிலோ கர்நாடகத்திலோ மாநில அரசுக் கல்லூரியில் சேரப்போனால், இங்கு வாங்கிய சான்றுக்கு அங்கு இடஒதுக்கீடு இல்லை. ஆந்திரப் பழங்குடி மாணவர் ஒருவர் மும்பை மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீடு கேட்ட வழக்கில், 1990-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பிழைப்புக்காக மாநிலம் மாறியவர்களின் பிள்ளைகளுக்கு இது பேரிழப்பு.

மத்திய அரசு நிறுவனங்களின் கதை வேறு. ஐஐடி, டெல்லி பல்கலைக்கழகம், ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் 15 சதவீத இடம் எல்லா மாநிலப் பட்டியல் சாதியினருக்கும் பொது.

குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. வெளி மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநில அரசுதான் அதைத் தர வேண்டும்.

ஆகவே தூரத்தைக் கண்டு தயங்க வேண்டாம். அது மாநிலக் கல்லூரியா, மத்திய நிறுவனமா, தனியார் கல்லூரியா என்று முதலில் விசாரியுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள்.