குல்மார்க்கின் குளிர்கால விடுதிகள்: அன்றும் இன்றும்

தங்மார்க் வரைதான் வண்டி போகும். அதற்கு மேல் பைன் காட்டுக்குள் குதிரையில் ஏற வேண்டும். குதிரை கிடைக்காவிட்டால் நடைதான். வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போனவர்கள் இப்படித்தான் போனார்கள். பெட்டி படுக்கைகளை மலையடிவாரத்து விவசாயிகள் முதுகில் சுமந்து முன்னே நடந்தார்கள். அதுவும் கோடைக் காலத்தில்தான். கோல்ஃப் ஆடவும் போலோ ஆடவும் சமவெளி வெயிலுக்குத் தப்பவும் வந்தவர்கள், இலையுதிர் காலம் தொடங்கியதும் இறங்கிவிடுவார்கள். 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தப் புல்வெளி, ஆளுயரப் பனியின் கீழே வசந்தம் வரை தனியே கிடக்கும்.

அங்கே ஐரோப்பியப் பாணி விடுதி வந்தது 1888-ல். நெடு குடும்பத்தார் கட்டியது அது. லாகூரிலும் ஸ்ரீநகரிலும் அவர்களுக்கு விடுதிகள் இருந்தன. பின்னாளில் அந்தக் குடும்பத்துப் பெண்ணான அக்பர் ஜஹானைத்தான் காஷ்மீர் அரசியல் தலைவர் ஷேக் அப்துல்லா மணந்தார். ஆக, காஷ்மீரின் அரசியல் வரலாற்றிலும் இந்த மலை விடுதிக்கு ஓர் இடம் உண்டு.

குளிர்காலத்தில் மலை ஏறும் ஆசையைக் கொண்டுவந்தவர்கள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள். 1927-ல் அவர்கள் குல்மார்க்கில் 'ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியா' என்ற பனிச்சறுக்குச் சங்கத்தைத் தொடங்கினார்கள். லிஃப்ட் எதுவும் கிடையாது. மரத்தாலான ஸ்கீக் கட்டைகளுடன் கிலன்மார்க் சரிவு வரை காலால் ஏற வேண்டும். மேலே போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் ஓடிவிடும். இறங்குவது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களுக்காகத் திரும்பத் திரும்ப ஏறினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு முதலில் வந்தது ராணுவம். 1948-ல் தொடங்கிய ராணுவ ஸ்கீப் பள்ளி இன்று 'உயர்மலைப் போர்ப் பள்ளி' என்ற பெயரில் அங்கேயே இயங்குகிறது. 1960களின் இறுதியில் மத்திய சுற்றுலாத் துறை பொதுமக்களுக்கும் பனிச்சறுக்கு கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. 1966-ல் நெடு குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 'ஹைலேண்ட்ஸ் பார்க்' விடுதியைத் திறந்தார். மேட்டில் வரிசையாக மரக் குடில்கள், நடுவே ஒரு பெரிய கூடம், சுவர் நிறைய வேட்டை நினைவுகள். 1973-ல் வெளியான 'பாபி' படத்தில் நாயகனும் நாயகியும் ஓர் அறைக்குள் பூட்டிக்கொள்ளும் அந்தப் புகழ்பெற்ற பாட்டை எடுத்த குடிலும் குல்மார்க்கில்தான் இருக்கிறது. இன்றும் வழிகாட்டிகள் அதை 'பாபி ஹட்' என்று காட்டுகிறார்கள்.

அந்தக் கால அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலை ஏற்றும் கம்பிவடப் பெட்டியான கொண்டோலா வருவதற்கு முந்தைய குளிர்காலம் ஒன்றில் நான் அங்கே தங்கியிருக்கிறேன். அது சில்லாய் கலான். டிசம்பர் 21-ல் தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் கடுங்குளிருக்குக் காஷ்மீரிகள் வைத்திருக்கும் பெயர் அது. அதற்குப் பின் இருபது நாள் சில்லாய் குர்த், பத்து நாள் சில்லாய் பச்சா என்று குளிர் படிப்படியாக இறங்கும்.

அறையின் நடுநாயகம் புகாரி. தகரத்தால் ஆன உருளை அடுப்பு. அதன் தலையிலிருந்து புகைக்குழாய் கிளம்பிக் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். மாலையில் பணியாள் ஒருவர் விறகுக் கூடையோடு வந்து அதை மூட்டுவார். கால் மணி நேரத்தில் தகரம் சிவக்கும், அறை வெதுவெதுப்பாகும், ஈரச் சாக்ஸும் கையுறையும் குழாயைச் சுற்றித் தொங்கும். நள்ளிரவில் விறகு தீர்ந்ததும் குளிர் போர்வைக்குள் புகுந்துவிடும். அதற்காகவே படுக்கையில் காலடியில் வெந்நீர்ப் பை ஒன்றை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். விடியும் முன்பே அதே பணியாள் ஓசைப்படாமல் வந்து சாம்பலை அள்ளிவிட்டுத் திரும்ப நெருப்பு மூட்டுவார். விருந்தாளி கண்விழிக்கும்போது அறை சூடாக இருக்கும்.

குழாயில் தண்ணீர் வராது, உறைந்திருக்கும். குளிக்க வெந்நீர் வாளியில் வரும். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பதை மேலாளராலும் சொல்ல முடியாது. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள், ஏனென்றால் மற்ற மூலைகளில் உட்கார முடியாது. அடுத்த மேசைக்காரர் எந்தச் சரிவில் விழுந்தார், நாளைக்கு மேகம் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதெல்லாம் அந்த நெருப்பருகில்தான் பேசப்பட்டன. கஹ்வா ஒரு சுற்று, உப்பிட்ட நூன் சாய் ஒரு சுற்று. பெரான் என்ற தளர்ந்த அங்கிக்குள் காங்கிரி என்ற கரிச்சட்டியை அணைத்தபடி வழிகாட்டிகளும் வந்து உட்காருவார்கள். யார் விருந்தாளி, யார் ஊழியர் என்ற கோடு அங்கே கொஞ்சம் அழியும். அந்த விடுதிகளின் இதம் என்று நான் நினைப்பது இதைத்தான். பணியாளின் உழைப்பும் பங்கிட்டுக்கொண்ட நெருப்பும் சேர்ந்து தந்த இதம் அது.

ஆனால் அந்தக் காலத்தை முழுக்கப் பொற்காலமாக்கிவிட நான் தயாரில்லை. அந்த விறகெல்லாம் காட்டிலிருந்து வந்தது. மூடிய அறையில் கரியும் விறகும் எரிவது உயிருக்கே ஆபத்து; ஜன்னலில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டுத்தான் படுக்க வேண்டும். விடியும் முன் பனியில் நடந்து அறை அறையாக நெருப்பு மூட்டியவருக்குக் கிடைத்த கூலியும் சொற்பம்.

1990களில் எல்லாம் நின்றது. ஆயுதப் போராட்டமும் அதை ஒடுக்கும் நடவடிக்கைகளும் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கைச் சூழ்ந்தபோது வெளியூர்க்காரர்கள் வருவது அறுந்துபோனது. 1980களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற பனிச்சறுக்கு வீரர் சில்வேன் சோடான் ஹெலிகாப்டரில் ஆட்களைச் சிகரங்களுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த இடம் இது. அங்கே விடுதிகள் வெறுமையாக நின்றன. பிரான்சின் போமகால்ஸ்கி நிறுவனம் தொடங்கிய கம்பிவடப் பாதையின் வேலையும் பாதியில் நின்றது.

அந்தப் பாதைதான் பின்னால் குல்மார்க்கின் தலையெழுத்தை மாற்றியது. 1998-ல் கொண்டோலாவின் முதல் கட்டம் திறந்தது. குல்மார்க்கிலிருந்து கோங்தூரி வரை. 2005-ல் இரண்டாவது கட்டம், அபர்வத் மலைத்தோளில் சுமார் 3,950 மீட்டர் உயரம் வரை போனது. ஆறு பேர் உட்காரும் சிறு பெட்டியில் ஏறிக்கொண்டால், ஸ்கீ கிளப்காரர்கள் நாள் முழுக்க ஏறியும் எட்டாத உயரத்தைச் சில நிமிடங்களில் தொட்டுவிடலாம். உலகில் இவ்வளவு உயரத்துக்கு ஸ்கீக்காரர்களை ஏற்றும் கம்பிவடங்கள் மிகக் குறைவு. செய்தி பரவியது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பொடிப்பனி தேடி ஆட்கள் வந்தார்கள், வாரக்கணக்கில் தங்கினார்கள். பூட்டிக் கிடந்த விடுதிகளுக்குக் குளிர்காலமே பிழைப்புக் காலமானது. கொண்டோலா மலையின் அமைதியைக் கெடுத்துவிட்டது என்று பேசுபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. அது வராவிட்டால் குல்மார்க்கின் குளிர்கால விடுதிகளில் பாதி இன்று இருந்திருக்காது.

இன்றைய அறை வேறு. புதிய விடுதிகளில் மைய வெப்பமூட்டி, மின்சாரப் போர்வை, திருகினால் வெந்நீர், சில இடங்களில் சூடான நீச்சல் குளம்கூட உண்டு. ஸ்கீக் காலணிகளை உலர்த்தத் தனி அறை இருக்கிறது. வயதானவர்களும் குழந்தைகளும் பயமில்லாமல் தங்க முடிகிறது. இது சிறிய விஷயமில்லை. பழைய விடுதிகள் சிலவற்றில் புகாரி இன்னும் எரிகிறது. ஆனால் பல விடுதிகளின் நிலக் குத்தகைக் காலம் முடிந்துவிட்டது. 2022-ல் வந்த புதிய நில விதிகளுக்குப் பிறகு அவற்றின் நாளை என்னவென்று தெரியாததால், கூரையைச் செப்பனிடக்கூட உரிமையாளர்கள் தயங்குகிறார்கள்.

பாதையும் மாறிவிட்டது. முன்பு ஜம்முவில் ரயிலிலிருந்து இறங்கி, 1956-ல் திறந்த ஜவாஹர் சுரங்கம் வழியே பள்ளத்தாக்குக்குள் நுழைய வேண்டும்; பனி விழுந்தால் நாட்கணக்கில் நடுவழியில் கிடக்க வேண்டியதுதான். 2021-ல் தாழ்வான மட்டத்தில் புதிய சுரங்கம் வந்தது. 2025 ஜூனில் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயிலே ஓடத் தொடங்கியது. போவது எளிதானதும் தங்குவது குறைந்தது. ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தானே என்று காலையில் கிளம்பி, தங்மார்க்கில் வாடகைக்கு ரப்பர் பூட்ஸும் கம்பளிக் கோட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு, கொண்டோலா வரிசையில் நின்று, ஒரு படம் எடுத்துக்கொண்டு, இருட்டும் முன் இறங்கிவிடுபவர்கள்தான் இன்று பெருங்கூட்டம். தமிழ்நாட்டிலிருந்து குழுச் சுற்றுலாவில் போகிறவர்களின் நிரலிலும் குல்மார்க் பெரும்பாலும் ஒரு பகல் பொழுதுதான். மாலை ஐந்து மணிக்கு மேல் அபர்வத்தின் மீது விழும் வெளிச்சத்தை அவர்கள் பார்ப்பதே இல்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் அறைக்கு வெளியே நடக்கிறது. பனி முன்போல வருவதில்லை.

குல்மார்க்கின் பனிக்கு மூலம் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள். மேற்கத்திய இடையூறுகள் என்று வானிலையாளர்கள் சொல்வது. அவை வலுவிழந்தாலோ தாமதித்தாலோ சில்லாய் கலான் வறண்டுபோகும். 2024 ஜனவரியில் அதுதான் நடந்தது. ஆளுயரப் பனி இருக்க வேண்டிய மாதத்தில் பழுப்புப் புல் தெரிந்தது, அந்தப் படங்கள் நாடெங்கும் பரவின, முன்பதிவுகள் ரத்தாயின. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை, போதிய பனி இல்லாமல் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. பிறகு பனி பெய்து, மார்ச்சில்தான் நடந்தன. இது குல்மார்க்கின் தனித் துயரமும் இல்லை. ஐரோப்பாவின் 28 நாடுகளில் உள்ள 2,234 ஸ்கீத் தலங்களை ஆராய்ந்து 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. உலக வெப்பநிலை 2 டிகிரி உயர்ந்தால், செயற்கைப் பனி இல்லாத நிலையில், அவற்றில் 53 சதவீதம் மிகக் கடுமையான பனித் தட்டுப்பாட்டு ஆபத்தில் சிக்கும் என்றது அது. 4 டிகிரி என்றால் 98 சதவீதம். ஆல்ப்ஸ் மலைத் தலங்கள் பீரங்கி போன்ற எந்திரங்களால் தண்ணீரைப் பனியாக்கித் தூவிச் சமாளிக்கின்றன. அதற்குக் குளமும் மின்சாரமும் ஏராளமான பணமும் வேண்டும்; உறைநிலைக் குளிரும் வேண்டும்.

விடுதி முதலாளிகளுக்குக் கோடை வருமானம் உண்டு. பனி வராத குளிர்காலத்தில் உண்மையாக அடிபடுகிறவர்கள் வேறு. ஸ்லெட்ஜில் பயணிகளை உட்காரவைத்துக் கயிற்றால் இழுத்துப் போகும் கிராமத்து ஆட்கள், ஸ்கீக் கட்டையை வாடகைக்கு விடுபவர்கள், சரிவுகளைத் தலைமுறையாக அறிந்த வழிகாட்டிகள். சில மாதச் சம்பாத்தியத்தில் ஆண்டை ஓட்டுகிறவர்கள் இவர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் ஒரே வீரராகக் கொடியேந்திப் போன ஆரிஃப் கான் இந்த மக்களிடமிருந்து வந்தவர். தங்மார்க் பக்கத்துக்காரர், குல்மார்க்கில் ஸ்கீக் கருவிக் கடை வைத்திருந்த தந்தையிடம் சிறுவயதிலேயே சறுக்கக் கற்றவர். ஜெயண்ட் ஸ்லாலம் போட்டியில் 45-வதாக வந்தார். அப்படி இன்னொரு பிள்ளை உருவாக வேண்டுமென்றால் சரிவில் பனியும் வேண்டும், கடையில் வாடிக்கையாளரும் வேண்டும்.

2025 ஏப்ரலில் பஹல்காமில் பயங்கரவாதத் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, பள்ளத்தாக்கின் விடுதிகள் மீண்டும் ஒரே வாரத்தில் காலியாயின. பனி ஒருபுறம், அச்சம் மறுபுறம் என்று இரண்டையும் பார்த்தவர்கள் அந்த மக்கள். இருந்தும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே குளிர்காலத்தில் குல்மார்க் போக நினைப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். பகலில் போய் மாலையில் இறங்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று இரவாவது தங்குங்கள். புகாரி எரியும் சிறு விடுதி கிடைத்தால் அதையே எடுங்கள். ஸ்கீ தெரிந்தவரானாலும் மேல் சரிவுகளுக்கு உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர் அங்கே பனிச்சரிவில் இறந்தார்கள். கடைசியாக ஒன்று: பனி குறைவு என்ற செய்தியைக் கேட்டதும் முன்பதிவை ரத்து செய்துவிடாதீர்கள். பனி பெய்யாத வாரத்திலும் அந்த விடுதிப் பணியாளருக்கு அடுப்பு எரிய வேண்டும்.