அழித்து நிறுவுவதற்கு முன்

வீட்டுக் கணினியில் பிரவுசர் திணற ஆரம்பித்தால் முதலில் கிடைக்கும் யோசனை, "அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பப் போடுங்க" என்பதுதான். பெரும்பாலும் அதனால் ஒரு பயனும் இல்லை. பிரவுசர் என்று நாம் சொல்வதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, இறக்கி நிறுவும் நிரல். மற்றொன்று, நாம் பயன்படுத்தப் பயன்படுத்த வளர்ந்துகொண்டே போகும் புரொஃபைல் என்ற கோப்புறை. புக்மார்க்குகள், பாஸ்வேர்டுகள், குக்கீகள், எக்ஸ்டென்ஷன்கள், எந்தத் தளத்துக்கு என்ன அனுமதி கொடுத்தோம் என்ற பதிவு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. விண்டோஸ் இந்த இரண்டையும் வேறு வேறு இடங்களில் வைக்கிறது. நிரலை நீக்கினாலும், புரொஃபைலையும் சேர்த்து அழிக்கும்படி நாம் சொல்லாதவரை அது அப்படியே கிடக்கும். புதிதாக நிறுவிய நிரல் அதையே மறுபடி எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு, கரையான் அரித்த பெட்டியை அதே மூலையில் வைப்பதற்குச் சமம் இது. புரொஃபைலை அழித்தாலும், பிரவுசரின் பழைய கணக்கில் உள்நுழைந்து சிங்க் இயங்கினால் எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே திரும்பி வந்துவிடும்.

ஆகவே எதையும் அழிப்பதற்கு முன்னால், கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். திறக்காத தளத்தைக் கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கும் வரவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் அந்தத் தளத்தில்தான். திரையில் 500, 502, 503 போன்ற எண் தெரிந்தால் அது சர்வரின் சிக்கல், நாம் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டுமே. மொபைல் டேட்டாவில் வரும் தளம், வைஃபைக்கு மாறியதும் அதே கைபேசியில் வரவில்லையென்றால் பார்க்க வேண்டியது ரவுட்டரை.

கைபேசியில் இரண்டு வழியிலும் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை என்றால் அடுத்த சோதனை பிரைவேட் விண்டோ. குரோமிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். ஃபயர்ஃபாக்ஸில் 'என்'னுக்குப் பதில் 'பி'. ரகசியமாகப் பார்ப்பதற்கான வசதி என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். என் கணிப்பில், ஒரு வீட்டுக் கணினியில் இதன் மிகப் பெரிய பயன் நோய் கண்டறிவதுதான். இந்தச் சன்னல் பழைய குக்கீகள் இல்லாமல், பழைய கேஷ் இல்லாமல், நாம் தனியாக அனுமதித்தவை தவிர வேறு எக்ஸ்டென்ஷன் இல்லாமல் திறக்கிறது. தளம் இதில் ஒழுங்காக வந்தால் நிரலும் இணைப்பும் நலமாக இருக்கின்றன என்று பொருள். மிச்சம் இருக்கும் சந்தேகம் அந்த மூன்றின் மீதுதான்.

குக்கீயை 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கியவர் லூ மொன்டுல்லி. இணையத்தின் அடிப்படை நெறிமுறையான எச்டிடிபிக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையையும் புதிய ஆளிடமிருந்து வந்ததாகவே அது பார்க்கும். உள்நுழைந்தவர் இன்னார் என்று தளத்துக்கு நினைவூட்டும் சீட்டுதான் குக்கீ. அந்தச் சீட்டு பழையதாகவோ பிழையாகவோ ஆகிவிட்டால், சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் மறுபடி மறுபடி உள்நுழையும் பக்கத்துக்கே திரும்பி வருவோம். கேஷ் என்பது படங்களையும் நிரல்துண்டுகளையும் வேகத்துக்காகக் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் நகல். தளம் புதிதாகி, நம்மிடம் பழைய நிரல்துண்டு மட்டும் தங்கிவிட்டால் பக்கம் பாதி உடைந்து நிற்கும், பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் அழுத்தினால் நகலை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் புதிதாகக் கொண்டுவரும். அதிலும் சரியாகவில்லையென்றால், முகவரிப் பட்டையின் இடது ஓரத்துச் சின்னத்தைச் சொடுக்கி அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் அழிக்கலாம்.

அந்த ஒரு தளத்தை மட்டும் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில பிரவுசர்களில், ஒட்டுமொத்தமாக அழிக்கும் பெட்டியில் பாஸ்வேர்டுகளுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அவசரத்தில் அதையும் டிக் செய்துவிட்டால், எங்கும் எழுதி வைக்காமல் பிரவுசரை மட்டுமே நம்பியிருந்த அம்மாவின், தாத்தாவின் பாஸ்வேர்டுகள் போய்விடும். அழிக்கும் முன் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாத் தளங்களிலும் தொல்லை என்றால் எக்ஸ்டென்ஷன்களைப் பாருங்கள். நம்பி நிறுவியதும் கெட்டுப்போகலாம். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற எக்ஸ்டென்ஷன், பயன்படுத்தாத டேப்புகளை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தியது. 20 லட்சம் பேருக்கு மேல் அதை வைத்திருந்தார்கள். 2020இல் அதை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில், அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை முடக்கியது. வைத்திருந்தவர்கள் எதையும் மாற்றவில்லை, உரிமையாளர்தான் மாறினார். பத்துப் பதினைந்து எக்ஸ்டென்ஷன்கள் சேர்ந்துவிட்ட பிரவுசரில் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதில்லை. பாதியை அணையுங்கள். தொல்லை நின்றால் குற்றவாளி அணைத்த பாதியில், நிற்காவிட்டால் மற்ற பாதியில். அந்தப் பாதியையும் இரண்டாக்கினால் நாலைந்து சுற்றில் ஆள் அகப்பட்டுவிடும்.

திரையின் மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று அடிக்கடி எட்டிப்பார்க்கும் அறிவிப்பு பல நேரங்களில் வைரஸ் அல்ல. ஏதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்டபோது 'அலௌ' அழுத்தியிருப்போம். அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர்களை நீக்கினால் நின்றுவிடும். அதில் வரும் தொலைபேசி எண்ணை மட்டும் ஒருபோதும் அழைக்காதீர்கள், மறுமுனையில் இருப்பவர் பணம் பறிக்கவே காத்திருக்கிறார்.

வேகம் குறைந்தால் குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் அழுத்துங்கள். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். 2008இல் குரோம் வந்தபோது டேப்புகளைத் தனித்தனிப் புராசஸ்களாகப் பிரித்து ஓட்டியது. ஒரு பக்கம் விழுந்தால் மற்றவை தப்பிக்கும், பதிலுக்கு நினைவகம் அதிகம் வேண்டும். வீடியோ கறுப்பாகத் தெரிந்தாலோ எழுத்துகள் சிதறினாலோ, அமைப்புகளில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள். சரியானால் பழுது பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரில்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரித்தால், கணினியின் தேதியைப் பாருங்கள். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விட்டால் எந்தச் சான்றிதழும் செல்லாது. பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் இப்படி ஆகும். அந்தச் சிறிய காசு பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் போதும்.

இத்தனையும் பார்த்தும் பிடிபடாத நாள் ஒன்று வரலாம். 2022 ஜனவரி 13 அன்று உலகெங்கும் ஃபயர்ஃபாக்ஸ் எந்தப் பக்கத்தையும் திறக்காமல் நின்றது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லா பயன்படுத்திய கிளவுட் சேவையில் எச்டிடிபி3 என்ற புதிய நெறிமுறை இயல்பாக இயங்கும்படி ஓர் அமைப்பு மாறியிருந்தது. பிரவுசருக்குள் ஒரு பகுதி, கோரிக்கையின் தலைப்பு (ஹெடர்) ஒன்றைச் சிற்றெழுத்தில் மாற்றி அனுப்ப, இன்னொரு பகுதி அதைப் பேரெழுத்தில் தேடியது. கிடைக்காததால் முடிவில்லாமல் சுற்ற ஆரம்பித்தது. பிரவுசரின் எல்லா இணையப் போக்குவரத்தும் ஒரே இழை (திரெட்) வழியாகப் போவதால் சம்பந்தமில்லாத தளங்களும் நின்றன. அன்றைக்கு வீட்டில் அழித்து நிறுவியவர்களின் உழைப்பெல்லாம் வீண். சர்வர் பக்கத்தில் அமைப்பைத் திருத்திய பிறகு, பிரவுசரை மூடித் திறந்ததும் வேலை செய்தது.

இப்படிப்பட்ட நாளுக்காக வீட்டுக் கணினியில் இரண்டாவது பிரவுசர் ஒன்று இருக்கட்டும். குரோமுக்குத் துணையாக எட்ஜ் போதாது. 2020 முதல் இரண்டும் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில்தான் ஓடுகின்றன. குரோம் வைத்திருப்பவர் ஃபயர்ஃபாக்ஸையும், ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர் குரோமையும் நிறுவி, அவ்வப்போது புதுப்பித்து வையுங்கள்.