‘குட்டிதானே’ன்னு விடாதீங்க! நாய்க்குட்டி கடிக்காமல் இருக்கப் பழக்குவது எப்படி?

வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் சாக்ஸைக் கவ்வுகிறது. அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறது. கொஞ்ச வருபவரின் விரலை ஊசி போன்ற பல்லால் பதம் பார்க்கிறது. முதல் வாரம் எல்லோரும் சிரிக்கிறார்கள், செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள்.

எட்டு மாதம் கழித்து, நன்கு வளர்ந்துவிட்ட அதே நாய் அதே விளையாட்டை ஆடும்போது யாரும் சிரிப்பதில்லை. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுகிறார்கள். சில வீடுகளில் ராத்திரியோடு ராத்திரியாக வேறு தெருவில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தப்பு நாயின் மேல் அல்ல. கடிக்கக் கூடாது என்று அதற்கு யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம்.

குட்டி ஏன் கடிக்கிறது? எப்படிப் பழக்குவது? பல் பட்டுவிட்டால் என்ன செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

குட்டிகள் ஏன் கடிக்கின்றன?

மனிதக் குழந்தை எதையும் கையால் தொட்டுப் பார்க்கும். நாய்க்குட்டிக்குக் கை கிடையாது. வாய்தான் அதற்குக் கை. செருப்பு, மேசைக் கால், உங்கள் விரல் எல்லாமே அதற்கு ஒன்றுதான்; கவ்விப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது காரணம், பல். பிறந்த மூன்றாவது வாரத்தில் இருந்து பால் பற்கள் முளைக்கத் தொடங்கும். மொத்தம் 28. மூன்று, நான்கு மாத வயதில் இவை விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இந்த இடைப்பட்ட காலத்தில் ஈறு நமநமக்கும். எதையாவது மெல்லாமல் அதனால் இருக்க முடியாது.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது: தூக்கம். குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல்கூடத் தூங்கும். ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சினால் தூக்கம் கெடும். சாயங்காலம் ஆனதும் வெறி பிடித்த மாதிரி வீட்டைச் சுற்றி ஓடி, கண்டதையும் கடிக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் தேவை திட்டு அல்ல, தூக்கம்.

தாயும் உடன்பிறப்பும் நடத்தும் பாடம்

கடிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்த குட்டிக்கு முதலில் கற்றுக்கொடுப்பது அதன் உடன்பிறந்த குட்டிகள்தான். ஒரு குட்டி இன்னொன்றைப் பலமாகக் கடித்தால், கடிபட்டது ‘கீச்’ என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயும் எழுந்து போய்விடும். ‘அழுத்திக் கடித்தால் விளையாட்டு போச்சு’ என்று குட்டி புரிந்துகொள்ளும்.

எட்டு வாரம் ஆகும் முன்பே தாயிடம் இருந்து பிரிக்கப்படும் குட்டிக்கு இந்தப் பாடம் பாதியில் நின்றுவிடுகிறது. ‘சின்னதா இருந்தாத்தான் நல்லா பழகும்’ என்று ஒரு மாதக் குட்டியைத் தூக்கி வருவது தவறு என்று சொல்லப்படுவது இதனால்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு இந்தப் பாடத்தை நடத்த வேண்டியது வீட்டில் உள்ளவர்கள். குட்டி நாய்களுக்கான பயிற்சியைப் பரவலாக்கிய கால்நடை மருத்துவர் இயன் டன்பார் வலியுறுத்தும் வரிசை இது: முதலில் கடியின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அதன்பின் கடிக்கும் எண்ணிக்கையை. மென்மையாக வாய் வைக்கப் பழகிய நாய், பின்னாளில் பயத்திலோ வலியிலோ தன்னை மறந்து கடித்தாலும் பெரிய காயம் ஏற்படும் வாய்ப்பு குறைவு.

கடித்த அந்த நொடியில் என்ன செய்வது?

1. கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் குட்டிக்கு அது துரத்தும் விளையாட்டு. பல் கீறிக் காயமும் பெரிதாகும். அசையாமல் நிறுத்துங்கள்.

2. ‘வேண்டாம்’ என்று ஒரே ஒரு முறை, அமைதியான குரலில் சொல்லுங்கள். ‘ஆ’ என்று கத்துவது சில குட்டிகளை நிறுத்தும். சில குட்டிகளுக்கோ இன்னும் உற்சாகம் ஏறிவிடும். உங்கள் குட்டி இரண்டாவது ரகம் என்றால் கத்துவதை விட்டுவிடுங்கள்.

3. எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பேச்சு இல்லை, பார்வை இல்லை, தொடுதல் இல்லை. காலைக் கடித்தால் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள்.

4. திரும்பி வந்து, மெல்லும் பொம்மையையோ முறுக்கிய கயிற்றையோ நீட்டுங்கள். அதைக் கடித்தால் ‘வெரி குட்’ சொல்லித் தட்டிக்கொடுங்கள்.

இதை ஒரு நாளில் இருபது தடவை செய்ய வேண்டி வரலாம். பொறுமை வேண்டும். பல வாரங்கள் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல்

அப்பா ‘நோ’ என்கிறார். அம்மா ‘வேண்டாம்’ என்கிறார். பாட்டி ‘ச்சீ போ’ என்கிறார். அண்ணனோ கையை வாய்க்குள் விட்டு ‘கடி பாக்கலாம்’ என்று விளையாடுகிறான். குட்டி யார் பேச்சைக் கேட்கும்?

ஒரு சொல்லை முடிவு செய்து, வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். கையை வைத்து முரட்டு விளையாட்டு யாருமே ஆடக் கூடாது. ஒருவர் அனுமதித்தாலும் மற்றவர்கள் சொல்லிக்கொடுத்தது வீண்தான்.

மெல்ல என்ன கொடுக்கலாம்?

நாய்களுக்கென்றே விற்கும் ரப்பர் பொம்மைகள் நல்லது. குட்டியின் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவில் வாங்க வேண்டும். பல் முளைக்கும் நேரத்தில் ஃப்ரீசரில் வைத்த பெரிய கேரட் துண்டு ஈறுக்கு இதமாக இருக்கும். பருத்தித் துணியை நனைத்து முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கலாம். ஆனால் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. குழம்பில் வெந்த கோழி எலும்பு முறிந்து கூராகித் தொண்டையையும் குடலையும் கிழிக்கும். சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு. ‘பழசுதானே’ என்று கிழிந்த செருப்பைக் கொடுப்பதும் வேண்டாம். பழைய செருப்புக்கும் நேற்று வாங்கிய செருப்புக்கும் வித்தியாசம் நாய்க்குத் தெரியாது.

அடித்தால் திருந்தாதா?

மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது, பிடரியைப் பிடித்துத் தூக்கி உலுக்குவது எல்லாம் நம் ஊரில் வழக்கமாகச் செய்யப்படுபவை. இவற்றால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனிதக் கை வந்தால் ஆபத்து. நாளைக்கு யாராவது தலையைத் தடவக் கை நீட்டினாலும் அது பயந்து கடிக்கும்.

உறுமினால் அடிப்பது இன்னும் மோசம். உறுமல் என்பது ‘எனக்குப் பிடிக்கல, விலகிக்கோ’ என்ற எச்சரிக்கை மணி. அடித்து அடித்து அந்த மணியை நிறுத்திவிட்டால், பயம் உள்ளேயே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். ‘சும்மா நின்னுட்டு இருந்த நாய் திடீர்னு கடிச்சிடுச்சு’ என்று சொல்லப்படும் சம்பவங்கள் சிலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கும்.

விளையாட்டா, கோபமா?

முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, உடம்பைத் தளர்வாக ஆட்டிக்கொண்டு வந்தால் அது விளையாட்டு. உடல் விறைத்து, அசையாமல் முறைத்து, உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டினால் அது விளையாட்டு இல்லை.

சாப்பாட்டுத் தட்டுக்கு அருகே போனால் விறைக்கும் குட்டிக்குத் தட்டைப் பிடுங்கிப் பாடம் எடுக்க வேண்டாம். தள்ளி நின்றே, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தட்டில் போட்டுவிட்டு நகருங்கள். ‘ஆள் வந்தால் நல்லது வரும்’ என்று அது பழகிக்கொள்ளும். அப்படியும் குறையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைகளிலும் ஆலோசனை பெறலாம்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய் இனங்களுக்கு ஓடுவதைத் துரத்துவது ரத்தத்திலேயே இருக்கும் குணம். இவற்றை வளர்ப்பவர்கள் முதல் நாளில் இருந்தே பயிற்சியைத் தொடங்குவது நல்லது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம்

குட்டி கடித்தால் குழந்தை கத்திக்கொண்டு ஓடும். ஓடினால் குட்டி துரத்தும். எனவே ‘மரம் மாதிரி நில்’ என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள்: கையைக் கட்டிக்கொள், அசையாதே, வேறு பக்கம் பார். குட்டிக்குச் சீக்கிரமே ஆர்வம் போய்விடும்.

சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குட்டியைத் தொடக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். எவ்வளவு சாதுவான குட்டியாக இருந்தாலும், சின்னக் குழந்தையோடு தனியாக விட்டுப் போகாதீர்கள்.

பல் பட்டுவிட்டால்...

இங்கேதான் பல குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. ‘நம்ம வீட்டுக் குட்டிதானே’, ‘சின்னக் கீறல்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். ரேபிஸ் நோய்க்குக் குட்டி, பெரியது என்ற பேதம் கிடையாது. அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸ் வந்தவரைக் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆனால் அதற்கு முன்பே சரியான சிகிச்சை எடுத்தால் முழுமையாகத் தடுத்துவிடலாம்.

குட்டிகளுக்கு ரேபிஸ் தடுப்பூசி வழக்கமாக மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது. அதாவது, அதிகமாகக் கடித்து விளையாடும் வயதில் பல குட்டிகளுக்கு ஊசியே போட்டிருக்காது. தாய் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தார்களா என்பதும் பல நேரம் தெரியாது.

பல் பட்டுத் தோல் கீறினாலோ ரத்தம் வந்தாலோ:

குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டும் போடாதீர்கள்.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் கடிபட்ட நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போடப்படும். ரத்தம் வரும் காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். ஊசி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். ஒரு தவணையைக்கூடத் தவறவிடக் கூடாது.

குட்டி திடீரென்று சோர்ந்து, எச்சில் வடித்து, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் தவித்தால், ‘தொண்டையில எலும்பு சிக்கிடுச்சு போல’ என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். அது ரேபிஸ் அறிகுறியாகவும் இருக்கலாம். அதைத் தனியாக அடைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

எப்போது சரியாகும்?

நிரந்தரப் பற்கள் வந்து ஈறு அடங்கும் ஆறேழு மாத வயதில் மெல்லும் வேகம் தானாகவே குறையும். ஆனால் மனிதர் மேல் பல் வைக்கக் கூடாது என்ற பழக்கம் தானாக வராது. அதை அதற்கு முன்பே கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். மூன்றாவது வாரம் முதல் சுமார் 14-வது வாரம் வரை குட்டி புது மனிதர்களையும் புது இடங்களையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம். தடுப்பூசிகள் முடியாத நிலையில் தெருவில் இறக்கிவிட வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு போய் பால்காரர், பக்கத்து வீட்டுத் தாத்தா, ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர் என்று பலரையும் காட்டுங்கள். பயம் இல்லாத நாய், பயத்தால் கடிக்காது.

வீட்டுக்கு ஒரு குட்டி வந்திருந்தால் இன்றைக்கே இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. தடுப்பூசி அட்டையை எடுத்து அடுத்த தேதியைப் பாருங்கள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, ‘வேண்டாம்’ என்பதற்கு எந்தச் சொல் என்று முடிவு செய்யுங்கள்.