கொடி நாள் காசு எங்கே போகிறது?

டிசம்பர் 7 வந்தால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நீட்டுகிற சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு, கையிலிருந்த சில்லறையைப் போட்டுவிட்டு நடக்கிறோம். அந்தச் சில்லறை எங்கே போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. காந்தலூர்க் குளிருக்கு இன்னொரு கட்டஞ்சாயா சொல்லுங்கள், ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

கொடியில் மூன்று நிறம். சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. 1949 ஆகஸ்ட் 28இல் பாதுகாப்பு அமைச்சரின் கீழ் அமைந்த குழுதான் இந்த நாளைக் குறித்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் காஷ்மீர்ப் போர் நின்றிருந்தது.

விழுந்தவனுக்குக் கல் நடுவது நமக்குப் புதிதல்ல. மலைக்கு அந்தப் பக்கம் தேனி மாவட்டத்தில், புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகல் கிடைத்தது. ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்கு நட்டது. டில்லியில் 2019 பிப்ரவரி 25இல் திறந்த தேசியப் போர் நினைவகத்திலும் கருங்கல்லில் 25,000க்கு மேல் பெயர்கள் உண்டு. சரிதான். ஆனால் கல்லில் பெயர் ஏறியவன் வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா? கொடி நாள் அதற்காக வந்தது. போரில் இறந்தவர், ஊனமுற்றவர் குடும்பங்கள், இப்போது பணியில் இருப்பவர்கள், ஓய்வுபெற்று வந்தவர்கள் என எல்லோருக்கும் அந்த நிதியில் பங்குண்டு. முதுகுத்தண்டில் அடிபட்டு எழ முடியாமல் போன ஜவான்களைப் பார்த்துக்கொள்ளும் புனே கிர்க்கி மையத்துக்கும் அதிலிருந்து பணம் போகிறது.

சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கினால், அமராவதி நகரில் 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி இருக்கிறது. அதிகாரியாகப் போகிற பிள்ளைகளைத் தயார்செய்யும் இடம். சிப்பாயாகப் போய், பாதியில் திரும்பியவரின் கதைதான் வேறு. ஜவானுக்குப் பென்ஷன் வேண்டுமானால் பொதுவாக 15 ஆண்டு சர்வீஸ் முடித்திருக்க வேண்டும். அதற்கு முன்பே வெளியே வந்தவருக்கு மாதப் பணம் கிடையாது. இளவயதில் தோட்ட வேலையோ காவல் வேலையோ பார்த்துச் சமாளித்திருப்பார். எழுபதில் என்ன செய்வார்?

ஹவில்தார் பதவி வரை இருந்து, பென்ஷன் இல்லாமல், 65 வயது தாண்டி வறுமையில் இருப்பவருக்குக் கொடி நாள் நிதியிலிருந்து மாத உதவி உண்டு. அவர் மனைவி விதவையானால் அவருக்கும் உண்டு. 4,000 ரூபாயாக இருந்ததை, 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் மகள் கல்யாணத்துக்கும் தனி உதவிகள் இருக்கின்றன.

என் பார்வையில், உண்டியலில் போடுகிற பத்து ரூபாயைவிட இந்தச் செய்தியை உரியவரிடம் சேர்ப்பது பெரிய மரியாதை. விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான். எண்பது வயதுக்காரர் தனியாக உட்கார்ந்து அதைச் செய்வாரா? மாவட்டத்துக்கு ஒரு சைனிக் போர்டு உண்டு, கலெக்டர்தான் தலைவர். ஆனால் காந்தலூரிலிருந்து அந்த அலுவலகத்துக்கு மலைப்பாதையில் போய்வர ஒரு பகல் போய்விடும்.

அஞ்சுநாட்டில் உங்களுக்குத் தெரிந்து அப்படி ஒரு பெரியவரோ பாட்டியம்மாவோ இருந்தால், பெட்டியடியில் கிடக்கிற டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நீங்களே கூட இருந்து போட்டுக்கொடுங்கள்.