பேக்கப் இருக்கு... ஆனா திரும்ப எடுக்க முடியலையா? சர்வர் அப்கிரேடில் ஒளிந்திருக்கும் சிக்கல் என்ன?

2017 ஜனவரி 31. உலகம் முழுக்க சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் தங்கள் வேலைகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் இணையதளம் திடீரென முடங்கியது. டேட்டாபேஸில் வந்த ஒரு கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், துணை சர்வரில் அழிக்க வேண்டிய ஃபோல்டரை மெயின் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்திவிட்டார்தான். ஆனால் அதற்குள் சுமார் 300 ஜிபி தகவலில் மிச்சம் இருந்தது வெறும் 4.5 ஜிபி.

சரி, பேக்கப் இருக்குமே? இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பேக்கப் சேமிக்கும் இடத்தைத் திறந்து பார்த்தால், காலி! அங்கே ஓடிக்கொண்டிருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன். அதை பேக்கப் எடுக்க வேண்டிய கருவியோ 9.2 வெர்ஷன். தன்னைவிடப் புதிய டேட்டாபேஸைப் பார்த்தால் அந்தக் கருவி வேலையே செய்யாது. தினமும் தொடங்கியதுமே தோற்றுப்போய் நின்றிருக்கிறது. 'பேக்கப் தோல்வி' என்று எச்சரிக்கும் மெயில்களையும் மெயில் சர்வர் ஏற்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறது. அதனால் யாருக்கும் விஷயம் தெரியவில்லை.

ஒரு பக்கம் புதுசு, இன்னொரு பக்கம் பழசு. இந்தப் பொருத்தமின்மைதான் பிரச்னையின் வேர். அன்று அது சாதாரண சர்வரில் நடந்தது. இன்று பல பெரிய நிறுவனங்களின் ஆப்கள் ஓடுவது 'கன்டெய்னர் கிளஸ்டர்'களில். அங்கே பேக்கப் சாஃப்ட்வேரை அப்கிரேடு செய்வது இன்னும் கொஞ்சம் சிக்கலான வேலை.

கன்டெய்னர் கிளஸ்டர்னா என்ன?

துறைமுகத்தில் பார்க்கும் கன்டெய்னர் மாதிரியேதான். ஒரு ஆப் ஓடுவதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால், அதை எந்த கம்ப்யூட்டரிலும் இறக்கி ஓட்டலாம். இப்படிப்பட்ட பெட்டிகளைப் பல கம்ப்யூட்டர்களில் பிரித்து வைத்து மேய்க்கும் சாஃப்ட்வேர்தான் குபர்நெட்டீஸ். 2014ல் கூகுள் வெளியிட்டது. கிரேக்க மொழியில் 'சுக்கான் பிடிப்பவர்' என்று அர்த்தம்.

ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டால், அதில் இருந்த கன்டெய்னரை வேறு கம்ப்யூட்டரில் குபர்நெட்டீஸ் தானாகவே எழுப்பிவிடும். 'அதான் தானா எழுந்துக்குதே, பேக்கப் எதுக்கு?' என்று பலர் ஏமாறுவது இங்கேதான். எழுந்து வருவது ஆப் மட்டும்தான். வாடிக்கையாளர் தகவல் இருக்கும் டிஸ்க்கையோ, மொத்த அமைப்பின் செட்டிங்ஸையோ யாராவது 'டெலிட்' என்று சொன்னால், குபர்நெட்டீஸ் மறுபேச்சு பேசாமல் அழித்துவிடும். சொன்னதைச் செய்வதுதானே அதன் வேலை!

அதனால்தான் தனி பேக்கப் சாஃப்ட்வேர் தேவைப்படுகிறது. இதில் பிரபலமானது 'வெலேரோ'. குபர்நெட்டீஸை உருவாக்கியவர்களில் இருவரான ஜோ பீடாவும் கிரெய்க் மெக்லக்கியும் தொடங்கிய ஹெப்டியோ நிறுவனத்தில் பிறந்தது. முதலில் பெயர் 'ஆர்க்'. ஹெப்டியோவை விஎம்வேர் வாங்குவதாக 2018ல் அறிவித்தது. அதன் பிறகு 2019ல் வெலேரோ ஆனது. ஸ்பானிஷ் மொழியில் பாய்மரக் கப்பல். (இந்தத் துறையில் எல்லாருக்குமே கப்பல் மேல ஒரு கண்ணு!)

அப்கிரேடு பண்ணினா என்ன ஆகும்?

நம் போனில் ஆப் அப்டேட் என்றால் ஒரு பட்டன்தான். வெலேரோவில் அப்படி இல்லை. பொறியாளரின் லேப்டாப்பில் ஒரு பகுதி, கிளஸ்டருக்குள் ஓடும் மெயின் பகுதி, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்து ஃபைல்களைக் காப்பி செய்யும் பகுதி, அமேசான், அசூர் போன்ற கிளவுடுகளுடன் பேசும் பிளக்-இன் எனப் பல துண்டுகள். இவற்றோடு 'சிஆர்டி' என்று ஒன்று உண்டு. பேக்கப் விவரங்களை எந்த வடிவத்தில் எழுத வேண்டும் என்று கிளஸ்டருக்குச் சொல்லும் விண்ணப்பப் படிவம் என்று வைத்துக்கொள்ளலாம். இவை எல்லாமே ஒன்றுக்கொன்று பொருந்தும் வெர்ஷனில் இருக்க வேண்டும்.

முதலில் லேப்டாப்பில் உள்ள கருவி, அடுத்து சிஆர்டி, அதன் பிறகே கிளஸ்டருக்குள் ஓடும் பகுதி. வெலேரோ சொல்லும் வரிசை இதுதான். அவசரத்தில் கடைசி வேலையை மட்டும் செய்துவிட்டால், புது ஆபீசர் கேட்கும் கட்டம் பழைய படிவத்தில் இல்லாத கதை ஆகிவிடும்.

சில வெர்ஷன்கள் இன்னும் சோதிக்கும். 1.10 வெர்ஷனில், ஃபைல்களைக் காப்பி செய்ய ரெஸ்டிக் என்ற கருவியுடன் கோபியா என்ற புதிய கருவியும் வந்தது. கூடவே பழைய கட்டளைகளின் பெயர்களும் மாறின. அதனால், முன்பே எழுதி வைத்த தானியங்கி ஸ்கிரிப்ட்களில் பழைய பெயர் இருந்தால் அவை ஓடாது. 1.14ல், டிஸ்க் ஸ்னாப்ஷாட் எடுக்கும் சிஎஸ்ஐ பிளக்-இன், வெலேரோவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. பழைய பிளக்-இன்னை நீக்காமல் அப்கிரேடு செய்தால் வெலேரோ சர்வர் ஸ்டார்ட்டே ஆகாது. 1.15 முதல் ரெஸ்டிக்கைப் படிப்படியாக விலக்கும் வேலை தொடங்கியது. அதாவது, ரெஸ்டிக்கில் எடுத்த பழைய பேக்கப்பை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள், அதைத் திறக்கத் தெரிந்த வெர்ஷனையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் வெளியீட்டுக் குறிப்பில் எழுதித்தான் இருக்கிறது. அதைப் படிக்கத்தான் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

பேக்கப் சாஃப்ட்வேரைத் தொடாமலே விட்டா?

அதுவும் முடியாது. குபர்நெட்டீஸ் வருஷத்துக்கு மூன்று வெர்ஷன் வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் சுமார் 14 மாதம்தான் ஆதரவு. எனவே கிளஸ்டர் மேலே போய்க்கொண்டே இருக்கும். 2021ல் வந்த 1.22 வெர்ஷனில் பல பழைய 'பீட்டா' வடிவங்கள் மொத்தமாக நீக்கப்பட்டன. அந்த வடிவத்தில் எழுதப்பட்டிருந்த பேக்கப்பை அப்படியே புது கிளஸ்டரில் இறக்கினால், 'இது என்னனு எனக்குத் தெரியாது' என்று கைவிரித்துவிடும்.

நம் வாட்ஸ்அப்பிலேயே இதைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் சேமிக்கப்படும் வாட்ஸ்அப் பேக்கப் ஃபைலின் பெயர் கிரிப்ட்12, கிரிப்ட்14, கிரிப்ட்15 என்று முடியும். அந்த எண், பூட்டிய முறையின் வெர்ஷன். அதை மாற்றக் கூடாது என்று வாட்ஸ்அப்பே சொல்கிறது.

உண்மையான ஆபத்து எங்கே?

அப்கிரேடு செய்தவுடன் எல்லாம் நின்றுவிட்டால் பரவாயில்லை, உடனே கண்ணில் பட்டுவிடும். பாதி வேலை செய்து பாதி செய்யாமல் இருப்பதுதான் வம்பு. வெலேரோவில் இதற்கு 'பார்ஷியலி ஃபெயில்ட்' என்று ஒரு நிலை உண்டு. செட்டிங்ஸ் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கும், ஒரு டிஸ்க் மட்டும் விட்டுப்போயிருக்கும். அந்த ஒரு டிஸ்க்கில்தான் டேட்டாபேஸ் இருக்கலாம்.

இதற்கு ஒரு கெடுவும் உண்டு. நாமாக மாற்றாவிட்டால், வெலேரோ ஒரு பேக்கப்பை 30 நாள் மட்டுமே வைத்திருக்கும். பிறகு தானாக அழித்துவிடும். புதிதாக எடுத்தது நல்லபடியாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காது. அப்கிரேடு செய்த அன்றிலிருந்து புது பேக்கப்கள் கோளாறாக ஓடுகின்றன, யாரும் கவனிக்கவில்லை என்றால், ஒரு மாதத்தில் நல்ல பேக்கப் ஒன்றுகூட மிஞ்சாது. எனவே அப்கிரேடுக்கு முன் ஒரு முழு பேக்கப் எடுத்து, அதற்கு மட்டும் காலக்கெடுவை நீட்டி வைப்பது நல்லது.

நேரமும் முக்கியம். பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அந்த பேக்கப் 'ஃபெயில்ட்' ஆகிவிடும். கிளஸ்டர்களில் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி நேரத்தில்தான் ஓடும். ஷெட்யூலில் '1 மணி' என்று இருந்தால் நமக்கு அது காலை 6.30. நள்ளிரவு வேலையை முடித்துவிட்டு, 'விடியற்காலையில அப்கிரேடு பண்ணிடலாம்' என்று உட்கார்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

வேலை முடிஞ்சுதுன்னு எப்போ சொல்லலாம்?

புது வெர்ஷன் நம்பர் ஸ்கிரீனில் தெரிந்ததும் டிக்கெட்டை மூடிவிடுவது வழக்கம். அது போதாது. அப்கிரேடுக்கு முன் எடுத்த ஒரு பேக்கப்பையும், பின் எடுத்த ஒன்றையும் புது வெர்ஷனை வைத்து ரீஸ்டோர் செய்து பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பைத் தொட வேண்டியதில்லை. கிளஸ்டருக்குள் தனி அறை மாதிரி 'நேம்ஸ்பேஸ்' என்ற ஒன்றை வேறு பெயரில் திறந்து அங்கே இறக்கும் வசதி வெலேரோவிலேயே இருக்கிறது. இறக்கிய பிறகு ஆப்பைத் திறந்து, உள்ளே நேற்றைய தகவல் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்து வைக்கலாம். உண்மையிலேயே எல்லாம் முடங்கும் நாளில் மேலதிகாரி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கிட்லேப் என்ன ஆனது?

தப்பித்தது, அதுவும் அதிர்ஷ்டத்தால். விபத்துக்கு சுமார் 6 மணி நேரத்துக்கு முன், ஒரு சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட் இருந்தது. அதை வைத்துத்தான் மீட்டார்கள். மீட்புப் பணியை யூடியூபில் லைவாகவே ஒளிபரப்பினார்கள். பயனர்கள் எழுதிய கோடு தப்பியது. ஆனால் டேட்டாபேஸில் அந்த 6 மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 ப்ராஜெக்ட், 5,000 கமென்ட், 700 புதிய கணக்கு விவரங்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

ஸ்னாப்ஷாட் கிடைத்தும் உடனே தளம் எழுந்துவிடவில்லை. அது இருந்த சோதனை சர்வரின் டிஸ்க் மிகவும் மெதுவானது. அங்கிருந்து மெயின் சர்வருக்கு காப்பி ஆகி முடிக்க சுமார் 18 மணி நேரம் பிடித்தது.