பரணில் கிடந்த பத்து சென்ட் புத்தகம்

அம்மா காலமான பிறகு அவள் வாழ்ந்த வீட்டை ஒழிப்பது எந்த ஊரிலும் துக்கமான வேலைதான். 2024-ம் வருஷம் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வட பகுதியில், மூன்று சகோதரர்கள் அந்த வேலையில் இறங்கினார்கள். பரணில் ஓர் அட்டைப் பெட்டி கிடந்தது. அதன் மேல் பழைய செய்தித்தாள்கள், தூசி, ஒட்டடை! அடியிலே சில படக்கதைப் புத்தகங்கள்.

தன்னிடம் விலை மதிப்புள்ள காமிக் புத்தகங்கள் இருப்பதாக அந்த அம்மாள் பிள்ளைகளிடம் வெகு காலமாகச் சொல்லிக் கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒரு நாளாவது எடுத்துக் காட்டியதில்லை. அம்மா சொல்வதை எந்தப் பிள்ளை உடனே நம்பியிருக்கிறான்?

பெட்டியில் இருந்தவற்றில் ஒன்று, 1939-ல் வெளிவந்த 'சூப்பர்மேன்' முதல் இதழ். அன்று அதன் விலை பத்தே சென்ட். 2025 நவம்பரில் டல்லஸ் நகரத்து ஹெரிடேஜ் ஏலக் கம்பெனியில் அது 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. நம் கணக்கில் ஏறக்குறைய 80 கோடி ரூபாய்!

பழசு என்பதற்காக மட்டும் யாரும் 80 கோடி ரூபாயை நீட்டிவிட மாட்டார்கள். அந்தப் புத்தகத்தோடு ஒரு சீட்டு இருந்தது; அந்தச் சீட்டிலே ஒரு மார்க் இருந்தது. பத்துக்கு ஒன்பது. பணத்தைக் கொண்டு வந்து கொட்டியதில் அந்த மார்க்குக்குப் பெரும் பங்கு உண்டு.

புத்தகத்துக்குக் கூடவா பரீட்சை என்று கேட்பீர்கள். ஆமாம், பரீட்சைதான். அதை நடத்துவதற்கென்றே அமெரிக்காவில் சில நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுள் பேர் பெற்றது சி.ஜி.சி. என்பது. 2000-ம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட அது, ஃப்ளோரிடா மாநிலத்தில் சாரசோட்டா என்னும் ஊரில் இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் விற்கிறவர் "புத்தம் புதிது போல இருக்கிறது" என்பார். வாங்குகிறவர் "சுமார்தான்" என்பார். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் பேசுவது போலத்தான்! இரண்டு தரப்பிலும் சேராத மூன்றாம் மனிதர் ஒருவர் பார்த்துச் சொன்னால் தேவலை என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

புத்தகத்தின் சொந்தக்காரர் முதலில் ஒரு படிவம் பூர்த்தி செய்கிறார். புத்தகம் இன்ன விலை பெறும் என்று தாமே ஒரு தொகையும் குறிக்க வேண்டும். கட்டணம் அதைப் பொறுத்தது. பிறகு புத்தகத்தை மெல்லிய உறையில் இட்டு, பின்னால் ஓர் அட்டை வைத்து, அசையாமல் கட்டி அனுப்புகிறார். (இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உறையின் வாயில் ஒட்டிய செலோடேப், புத்தகத்தை உருவும்போது அட்டையில் பட்டு உரித்துக்கொண்டு வந்துவிடும். அறுபது வருஷம் பிழைத்த புத்தகம் கடைசி நிமிஷத்தில் காயம் படும்!)

போய்ச் சேர்ந்ததும் பக்கங்களை எண்ணுகிறார்கள். யாராவது பசை தடவியிருக்கிறார்களா, வர்ணம் பூசியிருக்கிறார்களா, ஓரத்தைக் கத்தரித்துச் சீர் செய்திருக்கிறார்களா என்று துருவிப் பார்க்கிறார்கள். அப்புறம் ஒன்றுக்கு மேற்பட்ட பரீட்சகர்கள் தனித் தனியே மார்க் போடுகிறார்கள். புத்தகம் யாருடையது என்பது அவர்களுக்குத் தெரியாது. மார்க்குகள் 0.5-ல் தொடங்கி 10 வரை போகும். முதுகுப் பக்கத்தில் தலைமுடி போல் ஒரு மடிப்பு, துருப்பிடித்த பின், மழுங்கிய மூலை, அட்டையிலே எப்போதோ ஒரு பையன் எழுதிய தன் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் குறையும். காகிதத்தின் நிறத்தையும் தனியே குறிக்கிறார்கள். அந்தக் காலத்துக் காமிக்குகள் மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் அச்சானவை. காகிதத்தில் உள்ள அமிலமே அதைத் தின்றுவிடும். முதலில் மஞ்சளாகும், பின்பு பழுப்பாகும், கடைசியில் அப்பளம் போல் நொறுங்கும்.

எல்லாம் முடிந்ததும் புத்தகத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் பேழைக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். மேலே சீட்டு. நீலச் சீட்டு என்றால் சாதாரண முறையில் தேறியது என்று பொருள். ஊதா நிறமானால் 'இதற்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்' என்று அர்த்தம், விலை படுத்துவிடும். நல்ல எண்ணத்தோடு கிழிசலை ஒட்டி, வெளுத்த இடத்தில் பேனாவால் கறுப்புத் தீட்டிய பேர்வழிதான் பாவம், அதிகம் நஷ்டப்படுகிறவர்.

வாரப் பத்திரிகையின் தொடர்கதையைக் கத்தரித்துச் சேர்த்து பைண்டு செய்து வைக்கும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு, பின்வரும் சங்கதி கொஞ்சம் வருத்தம் தரலாம். 1974-ல் 'ஹல்க்' என்னும் காமிக்கின் 181-வது இதழ் வந்தது. பின்னாளில் பெரும் புகழ் அடைந்த 'வுல்வரின்' என்ற கதாபாத்திரம் முழுமையாகத் தோன்றிய முதல் இதழ் அது. உள்ளே ஒரு சிறு ஸ்டாம்பு அச்சிட்டு, வெட்டி எடுத்து ஒட்டிச் சேர்க்கும்படி பிரசுரகர்த்தர்களே குழந்தைகளுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்ட குழந்தைகள் வெட்டினார்கள். இன்று ஸ்டாம்பு இல்லாத பிரதிக்கு மதிப்பு வெகுவாகக் குறைவு. சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைகள் பாடுதான் யோகம்!

ஒன்று கவனிக்க வேண்டும். இந்தப் பரீட்சகர்கள் விலை சொல்வதில்லை. மார்க் மட்டுமே அவர்கள் வேலை. விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. 1962-ல் 12 சென்ட்டுக்கு விற்ற 'அமேஸிங் ஃபேன்டஸி' 15-வது இதழில்தான் 'ஸ்பைடர்மேன்' முதன் முதலாகத் தோன்றினான். அதன் 9.6 மார்க் பிரதி ஒன்று 2021-ல் 36 லட்சம் டாலருக்குப் போயிற்று. நைந்து கிழிந்த பிரதிக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு கிடைப்பதே பெரிய காரியம்.

ஆகையால் வீட்டிலுள்ள காமிக்கையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பிவிடலாமா? அப்படி அனுப்பிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஏராளம். 1991-ல் 'எக்ஸ்-மென்' என்ற காமிக்கின் புதிய முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. பிள்ளையின் காலேஜ் படிப்புக்கு ஆகும் என்று நாலைந்து பிரதிகளாக வாங்கிப் பூட்டி வைத்தவர்கள் உண்டு. எல்லோரும் பூட்டி வைத்தால் எது அபூர்வம்? அநேகமாக அந்தப் பிரதியின் விலையைவிடப் பரீட்சைக் கட்டணமே ஜாஸ்தியாகிவிடும்.

பழைய காமிக்குகள் அபூர்வமானதற்குக் காரணம் நேர் எதிரானது. அவற்றை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பழைய காகிதம் சேகரித்துக் கொடுக்கும்படி அமெரிக்க சர்க்கார் வீடு வீடாகக் கேட்டது. கட்டுக் கட்டாகப் போயிற்று. யுத்தம் முடிந்ததும் வேறு ஆபத்து வந்தது. காமிக் படித்தால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்ற கூச்சல் கிளம்பி, 1948-ல் சில ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளே புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். 1954-ல் டாக்டர் ஃபிரெடரிக் வெர்தாம் என்ற மனநோய் வைத்தியர் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தப்பிப் பிழைத்தவற்றை, பையன் ஊரில் இல்லாத சமயம் பார்த்து அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள்.

கோடிக்கணக்கான டாலர் நஷ்டம் என்று இன்று அந்த அம்மாக்களைப் பிள்ளைகள் குறை கூறுவது வேடிக்கை. எல்லா அம்மாக்களும் பத்திரப்படுத்தியிருந்தால், சூப்பர்மேனும் எக்ஸ்-மென் கதிக்குத்தான் வந்திருப்பான்! என்னைக் கேட்டால், அந்தக் கோடிகளில் அவர்களுக்கும் ஒரு கமிஷன் சேர வேண்டும்.

பரணிலிருந்து கிடைத்த புத்தகத்தின் சாதனை இரண்டு மாதங்கூட நிற்கவில்லை. 2026 ஜனவரியில், சூப்பர்மேன் முதன் முதலாகத் தோன்றிய 1938-ம் வருஷத்து 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் பிரதி ஒன்று ஒன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறியது. அதுவும் 9.0 மார்க் வாங்கியதுதான். ஒரு காலத்தில் ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜிடம் இருந்து, 2000-ல் களவு போய், 2011-ல் திரும்பக் கிடைத்த பிரதி அது.

கலிபோர்னியாப் பரணில் குளிர்ச்சியான சீதோஷ்ணம் காகிதத்தைக் காப்பாற்றியது. பரீட்சை தேறிய அந்தப் புத்தகம் இப்போது பேழைக்குள் இருக்கிறது. பீரோவில் பூட்டிய கல்யாணப் புடவையையாவது வருஷத்துக்கு ஒரு முறை பிரித்துப் பார்க்கலாம். இதைப் பிரித்தால் மார்க் போயிற்று. 80 கோடி கொடுத்தவர் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த அம்மாளும் அவளுடைய சகோதரனும் சிறு வயதில் வாங்கிய புத்தகங்கள் அவை. பத்து சென்ட் கொடுத்த அவர்கள் இருவரும், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருப்பார்கள்.