வளரிளம் பிள்ளைகள் கையில் ஐந்து அப்பங்கள்



ஆண்டவர் இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து அப்பங்களும் இரண்டு மீன்களும் யாரிடமிருந்து வந்தன என்பதை யோவான் மட்டுமே நமக்குச் சொல்கிறார். அவை ஒரு சிறுவனிடம் இருந்தன (யோவா 6:9). அச்சிறுவனின் பெயர் நமக்குத் தெரியாது. அவனைக் கூட்டத்தில் கண்டு ஆண்டவரிடம் சுட்டிக்காட்டியவரின் பெயர் தெரியும். அவர் திருத்தூதர் அந்திரேயா. இத்தனை பேருக்கு இது எப்படிப் போதும் என்ற ஐயம் அவருக்கும் இருந்தது. இருந்தாலும் சின்னப் பையன்தானே என்று அவனை அவர் ஒதுக்கிவிடவில்லை.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை அன்றாட வாழ்வில் வாழ்ந்து காட்ட வேண்டும் என்று நாம் எல்லாரும் ஆசைப்படுகிறோம். அதற்கு அவர்களுக்கு என்ன தேவை? நல்ல மறைக்கல்வி தேவை; செபம் தேவை; அருளடையாளங்கள் தேவை. இவற்றோடு இன்னொன்றும் தேவை. 'உன் கையில் இருப்பதைக் கொடு, ஆண்டவர் அதைப் பயன்படுத்துவார்' என்று சொல்லி அவர்களிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கும் அந்திரேயாக்கள் தேவை.

உறுதிபூசுதலுக்குப் பிறகு...

சேலையூர், கேம்ப் ரோடு, செம்பாக்கம், மாடம்பாக்கம் என நம் தென்சென்னைப் புறநகரில் வாழும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் நாளை எண்ணிப் பார்ப்போம். விடிந்தும் விடியாமலும் எழுந்து புத்தகம், பிறகு பள்ளிப் பேருந்தோ தாம்பரத்தில் மின்சார ரயிலோ, மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம், இடையிடையே செல்பேசி. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் நெருங்க நெருங்க, நீட், ஜே.இ.இ. என்று பயிற்சி வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமைக் காலையையும் எடுத்துக்கொள்கின்றன.

புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் ஆர்வத்தோடு தயாரித்த பிள்ளைகளில் பலரை அதன்பின் கோவிலில் காண்பது அரிதாகிவிடுகிறது. உறுதிபூசுதல் என்பது விசுவாசப் பயணத்திற்கு அனுப்பிவைக்கும் அருளடையாளம். ஆனால் நடைமுறையில் அது மறைக்கல்விக்கு நடத்தும் பிரிவு உபசார விழா போல ஆகிவிடுகிறது!

'பிள்ளைகள் பூசைக்கு வருவதில்லை' என்பது பெற்றோரின் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் வருகிற பிள்ளைகளைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. ஞாயிறு திருப்பலிக்கும் திங்கட்கிழமை வகுப்பறைக்கும் இடையே ஏதாவது தொடர்பு இருப்பதாக அவர்கள் உணர்கிறார்களா? அறிக்கையிடும் விசுவாசத்திற்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே விழும் பிளவு இக்காலத்தின் கடுமையான தவறுகளுள் ஒன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது (இன்றைய உலகில் திருச்சபை, எண் 43). அந்தப் பிளவு பெரும்பாலும் தொடங்குவது இந்த வயதில்தான்.

"நீங்கள் என்ன செய்கிறீர்கள்?"

நம் பல பங்குகளில் புனித வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் மருந்தும் கல்வி உதவியும் வழங்கும் அச்சபையின் கூட்டத்தில் பெரும்பாலும் நரைத்த தலைகளையே காண்கிறோம். அதைத் தொடங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரெடெரிக் ஓசானாம் 1831ஆம் ஆண்டில் சட்டம் படிக்கப் பாரிஸ் நகருக்கு வந்தபோது அவருக்கு 18 வயது. பல்கலைக்கழகத்தில் கடவுள் நம்பிக்கையைக் கேலி செய்வது நாகரிகமாகக் கருதப்பட்ட காலம் அது. அவரும் நண்பர்களும் விவாத மன்றங்களில் திருச்சபைக்காகத் திறமையாக வாதாடினார்கள். ஒருநாள் எதிரணியினர் கேட்டார்கள்: கிறிஸ்தவம் ஒரு காலத்தில் பெரிய காரியங்களைச் செய்தது உண்மைதான், இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள்? உங்கள் விசுவாசத்தின் செயல்கள் எங்கே?

வாதத்தால் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. 1832இல் காலரா நோய் பாரிசைச் சூறையாடியிருந்தது. ஏழைகளின் தெருக்கள் பசியிலும் குளிரிலும் கிடந்தன. ஓசானாமும் நண்பர் ஒருவரும் தங்களிடம் மீதமிருந்த விறகைச் சுமந்துகொண்டுபோய் ஓர் ஏழைக்குக் கொடுத்தார்கள். அதுவே அவர்களின் பதில். 1833ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், ஓசானாமுக்கு 20 வயது நிறைந்த அன்று, சபையின் முதல் கூட்டம் நடந்தது. இன்று அது ஏறத்தாழ 150 நாடுகளில் பணியாற்றுகிறது. 1997 ஆகஸ்டில் பாரிஸ் நகரில் உலக இளையோர் நாள் கொண்டாடப்பட்டபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஓசானாமை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார்.

இந்த வரலாற்றில் இன்னும் இருவரை நாம் கவனிக்க வேண்டும். ஒருவர் இம்மானுவேல் பாயி என்னும் பத்திரிகையாசிரியர். மாணவர்கள் கூடுவதற்குத் தம் பத்திரிகை அலுவலகத்தின் கதவைத் திறந்துவிட்டவர் அவர். சபையின் முதல் தலைவரும் அவரே. மற்றவர் அருள்சகோதரி ரோசலி. ஏழைகளின் குடியிருப்பில் பல ஆண்டுகள் பணிசெய்துவந்த அவர், எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் பேசுவது, எதைக் கொடுப்பது என்று அந்த இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆர்வம் இளைஞர்களுடையது. இடம் கொடுத்ததும் வழி காட்டியதும் பெரியவர்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் அந்தச் சிறிய விதை மரமானது.

நம் பிள்ளைகளால் முடியுமா?

முடியும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. கோவில்கள், மசூதிகள், பள்ளிகள், திருமண மண்டபங்கள் எல்லாம் கதவைத் திறந்தன. உணவுப் பொட்டலம் கட்டியவர்களிலும், பாய் போர்வை சுமந்தவர்களிலும், சேறு வாரியவர்களிலும் பள்ளி மாணவ மாணவியர் ஏராளம். 'உன்னால் முடியுமா?' என்று அன்று அவர்களை யாரும் கேட்கவில்லை. வேலை இருந்தது, செய்தார்கள். அதே கைகளிடம் சாதாரண நாள்களில் மதிப்பெண் பட்டியலை மட்டுமே நாம் எதிர்பார்ப்பது சரியா?

2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அக்குத்திஸ், 2006இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 15. கணினியில் ஆர்வமிக்க அவர், நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து ஓர் இணையதளம் அமைத்தார் என்பது பலருக்குத் தெரியும். அதே சிறுவன் மிலான் நகரின் தெருவோரம் படுத்திருந்தவர்களுக்கு உணவு கொண்டுபோனார். வகுப்பில் கேலிக்கு ஆளானவர்களின் பக்கம் நின்றார். நற்கருணையும் தெருவோரமும் அவருக்கு இரண்டு தனித்தனி உலகங்களாக இருக்கவில்லை.

வகுப்பறையும் வயல்தான்

சேவை என்றதும் நம் எண்ணம் அனாதை இல்லங்களுக்குப் போய்விடுகிறது. ஆனால் பிள்ளைகள் அதிக நேரம் செலவிடும் இடங்கள் பள்ளியும் செல்பேசியும் அல்லவா? அங்கேதான் அவர்களின் விசுவாசம் முதலில் சோதிக்கப்படுகிறது.

தேர்வில் பார்த்து எழுத வாய்ப்பிருந்தும் எழுதாமல் இருப்பது விசுவாசச் செயல். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவியின் படத்தைப் போட்டு எல்லாரும் கேலி செய்யும்போது, அதை மற்றவர்களுக்கு அனுப்பாமல் நிறுத்துவதும், மறுநாள் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் விசுவாசச் செயல். இதற்கு வேண்டிய துணிவு, ஆலயத்தில் வாசகம் வாசிப்பதற்கு வேண்டிய துணிவைவிடப் பெரியது.

சாதியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளியில் மாணவர்கள் சாதி அடையாளமாக வண்ணக் கயிறுகள் கட்டுவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. 'அது தென்மாவட்டத்துக் கதை' என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் பங்குகளில் வாழும் குடும்பங்கள் பல அங்கிருந்து வந்தவைதானே! ஊரை விட்டு வந்தாலும் சாதி பெட்டியோடு கூடவே வந்துவிடுகிறது. பிள்ளை ஒரு நண்பனைப் பற்றிச் சொன்னதும், 'அவங்க எந்த ஊரு? என்ன ஆளுங்க?' என்று வீட்டில் எழும் கேள்வியிலிருந்தே பிள்ளை அதைக் கற்றுக்கொள்கிறது.

எல்லாச் சாதியினரோடும் வேறுபாடின்றிப் பழகி உண்டவர் நம் மண்ணின் மறைச்சாட்சி புனித தேவசகாயம். 1752இல் உயிர் கொடுத்த அவரைத் திருச்சபை 2022 மே 15ஆம் நாள் புனிதராக அறிவித்தது. ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம் ஒரே உடல் என்கிறார் புனித பவுல் (1 கொரி 10:17). நற்கருணை வாங்கிய பிள்ளை மறுநாள் பள்ளியில் எல்லாரோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உணவைப் பகிர்ந்துகொள்ளுமானால், அதுவே இறைவார்த்தைக்குச் சிறந்த விளக்கவுரை.

பெற்றோரும் பங்கும் செய்யத்தக்கவை

முதலாவது, ஞாயிறு திருப்பலியை விட்டுக்கொடுக்காதிருப்போம். பயிற்சி வகுப்பு காலையில் இருந்தால் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கோ ஞாயிறு மாலைத் திருப்பலிக்கோ குடும்பமாகச் செல்லலாம். 'பரீட்சை முடியட்டும், பிறகு கோவில்' என்று சொன்னால், கடவுள் ஓய்வு நேரத்திற்கு உரியவர் என்றே பிள்ளை புரிந்துகொள்ளும்.

இரண்டாவது, கேள்வியை மாற்றுவோம். மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் 'எத்தனை மார்க்?' என்று மட்டும் கேளாமல், 'இன்று யாருக்காவது உதவினாயா? யாராவது உன்னைக் காயப்படுத்தினார்களா?' என்றும் கேட்போம். பதிலை முழுவதும் கேட்போம். உடனே அறிவுரை சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, பிள்ளைகளின் ஐயங்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். பரங்கிமலையின் நிழலில் வாழும் நமக்குப் புனித தோமாவை நன்கு தெரியும். அவர் ஐயப்பட்டார். ஆண்டவர் அவரை விரட்டவில்லை. தம் காயங்களைத் தொட்டுப் பார்க்க அழைத்தார் (யோவா 20:27). ஏழைகளிலும் நோயாளிகளிலும் கிறிஸ்துவின் காயங்களைத் தொட வாய்ப்புக் கிடைத்தால், நம் பிள்ளைகளும் 'என் ஆண்டவர்' என்று அறிக்கையிடுவார்கள்.

நான்காவது, உறுதிபூசுதல் பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் பங்கில் உண்மையான ஒரு பொறுப்பு இருக்கட்டும். தனியே வாழும் முதியவர் ஒருவரை மாதம் இருமுறை சந்திப்பது, நடக்க முடியாத பாட்டியைத் திருப்பலிக்கு அழைத்து வருவது, கட்டடத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது என எத்தனையோ பணிகள் உண்டு. வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு சந்திக்கச் செல்லும்போது இளையோர் இருவரை உடன் அழைத்துச் செல்லலாம். பெற்றோரின் இசைவும் பொறுப்பான பெரியவர்கள் இருவரின் துணையும் கட்டாயம் வேண்டும். சந்திப்பு முடிந்ததும் பத்து நிமிடம் அமர்ந்து, 'இன்று என்ன பார்த்தோம்? ஆண்டவர் நமக்கு என்ன சொல்கிறார்?' என்று பேசி, சிறிய செபத்தோடு முடிக்க வேண்டும். இல்லையெனில் அது சமூக சேவையோடு நின்றுவிடும். ஏழைகளோடு நின்று படம் எடுத்துப் போடும் வழக்கம் அறவே வேண்டாம் (மத் 6:1-4).

ஐந்தாவது, நாம் வாழ்ந்து காட்டுவோம். இளைஞரான திமொத்தேயுவின் விசுவாசம், அதற்கு முன்பே அவருடைய பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்ததைப் பவுல் நினைவுகூர்கிறார் (2 திமொ 1:5). வீட்டுவேலை செய்யும் அம்மாவிடம் நாம் பேசும் விதமும், ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் விதமும், பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் குடும்பங்களோடு பழகும் விதமும்தான் பிள்ளைகள் தினமும் படிக்கும் மறைக்கல்விப் புத்தகம்.

அன்பார்ந்தவர்களே, இளையோர் வருங்காலம் மட்டுமல்ல, அவர்கள் கடவுளின் நிகழ்காலம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வெளியிட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' என்னும் திருத்தூது ஊக்கவுரையில் எடுத்துரைத்தார் (எண் 64). 'நாளைய திருச்சபை' என்று அவர்களைக் காத்திருப்போர் வரிசையில் நிறுத்திவைத்தால், அவர்களின் அப்பங்கள் பைக்குள்ளேயே காய்ந்துபோகும்.

சிந்திக்க: உறுதிபூசுதல் முடித்த பிள்ளைகள் நம் அன்பியத்தில் எத்தனை பேர்? அவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியுமா? இந்த மாதம் அவர்களில் ஒருவரிடம் நாம் ஒப்படைக்கக்கூடிய பணி எது?

ஆண்டவரே, எம் பிள்ளைகளின் கையில் நீர் வைத்திருக்கும் அப்பங்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். அவற்றை மகிழ்ச்சியோடு உம்மிடம் தரும் உள்ளத்தை அவர்களுக்குத் தாரும். ஆமென்.